தைராய்டு ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முழு உடல் பரிசோதனைச் சலுகைத் துண்டறிக்கைகள் நாளிதழுக்குள் செருகப்பட்டு வீடு தேடி வருகின்றன. எந்தத் தொகுப்பை எடுத்தாலும் தைராய்டு அதில் உண்டு. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்ததும் வரம்பு மீறியது என்று தடித்த எழுத்தில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்து, அதைக் காட்டியே மருந்துக்கடையில் 25 மைக்ரோகிராம் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தடித்த எழுத்தே இல்லை என்று நிம்மதியாக மடித்து வைப்பவர்களும் உண்டு. இந்த இருவகையினருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சொற்குழப்பம். டி.எஸ்.எச். 9 என்று வந்தால் "தைராய்டு கூடிப்போச்சு" என்கிறோம். உண்மையில் கூடியிருப்பது தைராய்டு ஹார்மோன் அல்ல. டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு சோம்பினால் கட்டளையின் குரல் உயரும். தைராய்டு மிதமிஞ்சிச் சுரந்தால் குரல் அடங்கிவிடும். அதனால் டி.எஸ்.எச். ஏறினால் சுரப்பு குறைவு, இறங்கினால் சுரப்பு அதிகம். டி4, அதாவது தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோன், கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4-லிருந்து 8 ஆனதால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று பொருளில்லை.

இதனால்தான் டி.எஸ்.எச். பிசகியிருந்தால் அதோடு ஃப்ரீ டி4-ஐயும் ஜோடியாகப் படிக்க வேண்டும். மலிவுத் தொகுப்புகளில் பெரும்பாலும் இருப்பது மொத்த டி3 (தைராய்டின் இன்னொரு ஹார்மோன்), மொத்த டி4. ரத்தத்தில் உள்ள டி4-இல் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றுகிறது. வேலை செய்வது ஒட்டாத சிறு பங்குதான், அதுதான் ஃப்ரீ டி4. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அந்தப் புரதம் கூடும், மொத்த டி4-உம் கூடவே ஏறும். சுரப்பியில் ஒரு கோளாறும் இராது. டி3-ஐப் பொறுத்தவரை, சுரப்புக் குறைவைக் கண்டுபிடிக்க அது உதவாது. நோய் முற்றும்வரை இயல்பாகவே நிற்கும். சுரப்பு அதிகமென்று சந்தேகப்படும்போதுதான் அதற்கு வேலை.

டி.எஸ்.எச். இயல்பு வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. லேபின் கருவியைப் பொறுத்துச் சற்று மாறும். 4-க்கும் 10-க்கும் நடுவே வந்து, ஃப்ரீ டி4 இயல்பாக இருந்தால், உடனே மாத்திரை வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, ஆன்ட்டி டி.பி.ஓ. (தைராய்டுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனையையும் சேர்த்து மறுபடி பாருங்கள். கணிசமானவர்களுக்கு எண் தானாகவே இறங்கிவிடும். 10-ஐத் தாண்டி நிலைத்து நின்றால் சிகிச்சை பற்றிப் பேசலாம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 5, 6 என்பது வயதின் இயல்பாகவே இருக்கலாம். அவர்களுக்கு அவசரப்பட்டு மாத்திரை கொடுத்து அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். கர்ப்பிணிகளின் கணக்கே வேறு. முதல் மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். இயற்கையாகவே இறங்கும், அதனால் மற்றவர்களுக்கான வரம்பை வைத்து அவர்களை அளக்கக் கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் கருவுற்றது தெரிந்த உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அளவை வழக்கமாகக் கால் பங்குக்கு மேல் கூட்ட வேண்டியிருக்கும்.

ரத்தம் எடுக்கும் விதத்திலும் பிழை நுழைகிறது. டி.எஸ்.எச். இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். போன முறை காலை ஏழு மணி, இந்த முறை மதியம் மூன்று மணி என்றால், மருந்து வேலை செய்ததா கடிகாரம் வேலை செய்ததா என்று சொல்ல முடியாது. அதே லேப், அதே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப் மாறினால் அலகையும் பாருங்கள்: ஃப்ரீ டி4 ஓரிடத்தில் 1.2 என்றும் இன்னோரிடத்தில் 15.4 என்றும் வரலாம். முன்னது டெசிலிட்டருக்கு நானோகிராம், பின்னது லிட்டருக்குப் பிகோமோல், அளவு ஒன்றேதான். தைராய்டு சோதனைக்கு மட்டும் வெறும் வயிறு கட்டாயமில்லை. ஆனால் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுத்த பிறகே அன்றைய மாத்திரையை விழுங்க வேண்டும். விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 உயர்ந்து காட்டும்.

முடி கொட்டுவதற்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இன்னும் பெரிய ஏமாற்று வேலை செய்யும். பல கருவிகளின் சோதனை முறையே பயோட்டினைப் பயன்படுத்துவதால், ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் வரும். ஆரோக்கியமானவரின் ரிப்போர்ட், தைராய்டு மிதமிஞ்சிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் உள்ளவருடையதைப் போலிருக்கும். 5, 10 மில்லிகிராம் எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போங்கள். டி.எஸ்.எச். அதிகம், ஃப்ரீ டி4-உம் அதிகம் அல்லது மேல்வரம்பை ஒட்டி இருக்கிறது என்ற விசித்திர ஜோடிக்குக் காரணம் பெரும்பாலும் எளிது: ஒரு மாதம் மாத்திரையை மறந்து, சோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பார்கள்.

அளவை மாற்றிய பதினைந்தாம் நாளே சோதனை செய்வது பணத்துக்குக் கேடு. டி4-இன் அரையாயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏழு நாள். புதிய அளவு நிலைபெற்று, பிட்யூட்டரியும் அதை ஏற்றுக்கொள்ள ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். மாத்திரை கம்பெனியை மாற்றினாலும் இதே இடைவெளியில் ஒருமுறை பாருங்கள். அளவு கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்கவில்லையா? முதலில் விசாரிக்க வேண்டியது காலைக் காபியை. தண்ணீரோடு மாத்திரை, பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, இட்லி எல்லாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி.

இனி தடித்த எழுத்தே இல்லாத ஆபத்து. ஃப்ரீ டி4 குறைவு, ஆனால் டி.எஸ்.எச். இயல்பு அல்லது குறைவு என்றால் பழுது தைராய்டில் அல்ல, கட்டளை கொடுக்கும் பிட்யூட்டரியில் இருக்கலாம். டி.எஸ்.எச். மட்டும் பார்க்கும் சோதனையில் இது கண்ணில் படாமலே போய்விடும். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு, பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாத பெண் சோர்வாக இருந்தால் இதை நினைக்க வேண்டும். இவர்களுக்குத் தைராக்சின் தொடங்குமுன் கார்ட்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) பார்ப்பது அவசியம். கார்ட்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் தைராக்சின் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே, ஃப்ரீ டி4 அதிகம் என்றாலும் உடனே கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மருந்து) என்று முடிவுகட்ட முடியாது. சுரப்பி வீங்கி, சேமித்து வைத்த ஹார்மோன் கசியும் தைராய்டிடிஸில் அந்த மருந்துக்கு வேலையில்லை. அது புதிய உற்பத்தியைத்தான் தடுக்கும். டி.ஆர்.ஏ.பி. என்ற எதிர்ப்பொருள் சோதனை அல்லது டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன், தைராய்டிடிஸையும் கிரேவ்ஸ் நோயையும் பிரித்துக் காட்டும். கிரேவ்ஸ் நோயில் சிகிச்சை தொடங்கிய பின்னும் டி.எஸ்.எச். சில மாதங்கள் அடங்கியே கிடக்கும். அதுவரை ஃப்ரீ டி4-ஐயும் டி3-ஐயும் பார்த்தே அளவை முடிவு செய்ய வேண்டும்.

லேப்களிடம் ஒரு கோரிக்கை. ரத்தம் எடுத்த நேரம், கடைசியாக மாத்திரை எடுத்த நேரம், பயோட்டின் உண்டா இல்லையா, கர்ப்பமாக இருந்தால் எத்தனையாவது வாரம் என்ற நான்கு வரிகளை ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். ஊசி குத்தும்போதே கேட்டுவிடக்கூடிய கேள்விகள்தாம் இவை.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
மதுரை