சாம்பிள் உடையின் அளவை மாற்றட்டும்

ஆசிரியருக்கு,

மாடல்கள் ஆரோக்கியமற்ற அளவுக்கு மெலிந்து தெரிகிறார்கள் என்று சாரா (Zara) ஆடை நிறுவனத்தின் இரண்டு விளம்பரப் படங்களுக்கு பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2025 ஆகஸ்டில் தடை விதித்தது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். தடை சரிதான். ஆனால் அந்த இருவரும் நல்ல உடல்நலத்துடன் இருந்ததற்கு மருத்துவச் சான்றிதழ் உண்டு என்று நிறுவனம் சொன்னதையும் கவனிக்க வேண்டும். பிரான்சில் 2017 முதல் இத்தகைய சான்றிதழ் கட்டாயம். இஸ்ரேல் அதற்கும் முன்பே, மாடலின் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அளவு, பிஎம்ஐ) 18.5க்குக் குறையக் கூடாது என்று சட்டம் போட்டது. எல்லாமே பெண்ணின் உடம்பைத்தான் அளக்கின்றன. அவருக்குத் தரப்படும் உடையை யாரும் அளப்பதில்லை. சாம்பிளை, அதாவது விற்பனைக்கு முன் தைக்கும் மாதிரி உடையை, ஒரே சிறிய அளவில் தைத்துவிட்டு, அப்புறம் அதற்குள் நுழையும் ஆளைத் தேடுவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

பல அளவுகளில் தைத்தால் செலவு என்ற சமாதானம் எடுபடாது. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்தவன் நான். முதல் சாம்பிளை மீடியத்தில் தைப்போம். ஒப்புதல் வந்ததும் ஸ்மால் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஒவ்வோர் அளவிலும் தைத்த சைஸ் செட் அனுப்புவோம். பேட்டர்ன் (துணி வெட்டும் வார்ப்பு) கம்ப்யூட்டரில் இருக்கும்போது கிரேடிங், அதாவது அதை மற்ற அளவுகளுக்கு மாற்றுவது, பெரிய வேலையே இல்லை. (எங்களால் முடிந்தது பாரிஸ் தையற்கூடங்களுக்கு முடியாதா என்ன?) குறைந்தது மூன்று அளவுகளில் சாம்பிள் கொண்டுவரும் நிறுவனங்களுக்கே மேடை என்று ஃபேஷன் வார அமைப்பாளர்கள் நிபந்தனை விதிக்கலாம்.

– ஒரு வாசகர், திருப்பூர்