காதுத் துளிமருந்து: போத்தலோடு செய்முறையும் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் மழையும் குளிரும் கூடும் மாதங்களில் பிள்ளைகளுக்குத் தடிமனைத் தொடர்ந்து காதுவலியும் சீழ் வடிதலும் வருவதைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை என்ற முறையில் ஆண்டுதோறும் காண்கிறேன். பெற்றோர் அரை நாள் சம்பளத்தை இழந்து வைத்தியசாலைக்குச் செல்கிறார்கள். துளிமருந்தும் கிடைக்கிறது. அதை எப்படி விடுவது என்பதைத்தான் எவரும் செய்து காட்டுவதில்லை.

அண்மையில் ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்த போத்தலில் எந்தக் காதுக்கு, எத்தனை துளி, எத்தனை நாள் என்பவையெல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாகவே இருந்தன. 1987ஆம் ஆண்டில் இலங்கை அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாகிவிட்ட நாட்டில், மருந்துப் போத்தலில் இரண்டு வரி தமிழில் எழுதுவது பெரிய காரியமன்று.

ஆயினும் எழுத்து மட்டும் போதாது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூன்று வயதுக்குட்பட்டதாயின் காதுமடலைக் கீழ்நோக்கிப் பின்புறமாகவும், அதற்கு மேற்பட்டதாயின் மேல்நோக்கிப் பின்புறமாகவும் மெதுவாக இழுத்தால்தான் காதுக்குழாய் நேராகி மருந்து உள்ளே இறங்கும். சீழ் இருந்தால் வெளியே வடிந்திருப்பதை முதலில் சுத்தமான துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். போத்தலின் நுனி காதில் படக்கூடாது. மருந்து விட்டபின் பிள்ளை சில நிமிடங்கள் அப்படியே படுத்திருக்க வேண்டும்.

'அறை வெப்பநிலையில் வைக்கவும்' என்ற அறிவுரை கொழும்புக்குப் பொருந்தலாம். நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயக் காம்பராவில் விடியற்காலையில் அந்த அறையே குளிர்ந்து கிடக்கும். குளிர்ந்த துளி காதில் விழுந்தால் தலைசுற்றும், சில பிள்ளைகள் வாந்தியும் எடுக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். போத்தலைச் சில நிமிடங்கள் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தால் போதுமானது. அடுப்பில் காட்டவோ சுடுநீரில் போடவோ கூடாது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடும் பாட்டிமாரை நான் குறைகூறவில்லை. அவர்கள் காலத்தில் வைத்தியசாலை எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் சீழ் வடியும் காதில் செவிப்பறை கிழிந்திருக்கக்கூடும் என்பதால், அங்கே எண்ணெயோ பழைய போத்தலில் மிஞ்சிய மருந்தோ விடுவது ஆபத்தானது.

ஆகவே, மருந்து வழங்குமிடத்திலேயே முதல் துளியைத் தாயின் கையால் விடச்செய்து அனுப்புமாறு சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். தோட்ட நிர்வாகங்கள் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர்களுக்கும் இப்பயிற்சியை அளிக்க வேண்டும். தாய் கொழுந்து பறிக்க மலைக்குச் சென்றபின் பகல் வேளை மருந்தை விடுபவர்கள் அவர்களே.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
ஹட்டன்.