எட்டுப் போட்டு, திரும்பிச் சிரி
தமிழ் நாளிதழ், வார, மாத இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் பின்பக்கங்களில், ராசிபலனுக்கும் மூட்டுவலித் தைல விளம்பரத்துக்கும் நடுவே ஒரு சின்னக் குறுக்கெழுத்துக் கட்டம் ஒண்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற தை மாதம் கும்பகோணத்தில் என் அத்தைக்கு எண்பது வயது நிறைந்தது. பந்தி முடிந்து கிளம்பும்போது கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை, பாக்கு, இவற்றோடு நான்காக மடித்த ஒரு தாளும் விரல் நீளப் பென்சில் ஒன்றும் இருந்தன. பிரித்தால் குறுக்கெழுத்துப் புதிர். அத்தான் மூன்று மாதம் உட்கார்ந்து தயாரித்தது. தலைப்பு இல்லை, பொருள் இன்னதென்ற குறிப்பும் இல்லை. கிளம்ப வேண்டியவர்கள் கிளம்பவில்லை. பாயை மறுபடி விரித்தாயிற்று.

(1924-இல் அமெரிக்காவில் சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் தன் முதல் நூலாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, அதனுடன் பென்சிலையும் சேர்த்தே விற்றது. அத்தானுக்கு அது தெரியாது. தேங்காய்க்குப் பென்சில் துணை என்று தானாகவே தோன்றியிருக்கிறது.)

முதல் குறிப்பு இது (கடைசியில் வரும் எண், விடையில் எத்தனை எழுத்து என்பது): 'எட்டுப் போட்டு, திரும்பிச் சிரி, உலையில் இடுவது (3).'

படித்தவுடன் எல்லாருக்கும் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன நாள் கண்முன் வந்துவிட்டது. ஒரு மாமா தான் எட்டுப் போடும்போது கால் ஊன்றிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கட்டம் அமைத்தவர் விரும்பியதும் அதுதான்: நாம் வண்டியில் ஏறிப் போய்விட வேண்டும். விடை கிடந்த இடம் வேறு. தமிழ் எண்ணில் எட்டு என்பது 'அ'. 'சிரி'யைத் திருப்பினால் 'ரிசி'. இரண்டையும் சேர்த்தால் அரிசி. உலையில் இடுவதும் அதுவே.

கண்டுபிடித்தவள் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். எப்படி என்று கேட்டோம். "எட்டேகால் லட்சணமே" என்றாள். ஔவையார் பாடியதாகப் பள்ளியில் நாம் எல்லாரும் படித்த வசைதான். எட்டு 'அ', கால் 'வ', ஆக அவலட்சணமே. நூற்றாண்டுகளாக நம்மிடம் புழங்கும் சாவியை அந்தப் பெண் பூட்டில் நுழைத்துவிட்டாள். முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவள் நான், எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, 'பெரும்பாலும் கையோடு தலையில்லா வண்டி. குழம்பு பரிமாறும் (4).' கை என்றால் கரம். அதில் பெரும்பாலும் என்றால் 'கர'. வண்டியின் தலையைக் கொய்தால் 'ண்டி'. கரண்டி. பிறகு 'சரம் கலங்க, தெளிவாக இறுத்து ஊற்றுவது (3)' என்றொரு குறிப்பு. ச, ர, ம் என்ற மூன்றெழுத்தையும் கலக்கினால் ரசம். கலங்கினால் தெளிவு வருகிறது என்ற முரணை ரசித்து முடிக்கும்போதுதான் பிடிபட்டது: அரிசி, கரண்டி, ரசம். அத்தான் நம்மை அத்தையின் அடுப்பங்கரைக்கு அழைத்துப் போகிறார். எழுத்தைக் கலைத்துப் போடச் சொல்லும் இடங்களில்கூடக் கலங்க, கிளறி, வதங்கி என்று சமையல் வினைகளாகவே வைத்திருக்கிறார்.

கருப்பொருள் பிடிபட்டால் வேலை எளிதாகிவிடும் என்று நினைப்போம். அங்கேதான் கால் இடறும். 'கை நீண்டால் நாக்கு எரியும் (3)' என்ற குறிப்புக்கு முதலெழுத்து 'கா', கடைசி எழுத்து 'ம்' என்று தெரிந்துவிட்டது. சமையலறை, மூன்றெழுத்து, வேறென்ன இருக்க முடியும்? 'காயம்' என்று எழுதினேன். பெருங்காயத்தைக் காயம் என்று சொல்கிற குடும்பம் எங்களுடையது. கரண்டியின் 'ர' நடுக்கட்டத்தில் வந்து இடித்தது. அழித்துவிட்டு மறுபடி படித்தேன். கை என்பது கரம். அது நீண்டால், அதாவது முதலெழுத்து குறிலிலிருந்து நெடிலானால், காரம். கை நீளம் என்று நாம் யாரைச் சொல்வோமோ அந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தவள், மிளகாய்ப் பொடியில் போய் விழுந்தேன்.

சென்ற மாதம் நான் வாங்கிய ஒரு வார இதழின் கட்டத்தில் இருந்த குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். 'ஒரு மலர் (4).' 'நடிகை (கலைந்திருக்கிறார்) (3).' 'அன்னை (வலமிருந்து இடம்) (2).' முதல் குறிப்புக்குச் சாமந்தி என்றும் எழுதலாம், மல்லிகை என்றும் எழுதலாம். எந்த நடிகை, ஏன் கலைந்தார் என்று கேட்க வழியில்லை. தவறைச் சுட்டி அஞ்சலட்டை போட்டேன். பதில் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பக்கத்துக்கு அங்கே ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா என்பதே சந்தேகம்.

'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்ற இரண்டு தலைப்புகள் நம் இதழ்களில் எப்படி நுழைந்தன என்று யோசித்திருக்கிறீர்களா? தமிழ்க் கட்டத்தில் ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்து. 'யா' ஒரு சதுரம், 'ம்' ஒரு சதுரம். மெய்யெழுத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆனால் முடிகிற சொற்களோ ஏராளம். பாடம், மரம், பழம் என்று எதை வைத்தாலும் கடைசிச் சதுரத்தில் ஒரு 'ம்' வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து கீழே இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. திறமையான கட்டமைப்பாளர் கறுப்புச் சதுரத்தை நகர்த்துவார், சொல்லை மாற்றுவார், அந்த 'ம்' வேறொரு சொல்லின் நடுவிலோ கடைசியிலோ விழும்படி பார்த்துக்கொள்வார். அவசரக்காரர் சொல்லைத் தலைகீழாக எழுதி, 'கீழிருந்து மேல்' என்று ஒரு தலைப்பைச் சேர்த்துவிடுவார். அவர் வேலையின் குறையை வாசகர் தலையில் கட்டுகிறார்.

கடினமான குறிப்பு தமிழுக்கு ஒத்துவராது, அது ஆங்கிலேயர் விளையாட்டு என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். கட்டம் வெளியூர்ச் சரக்கு என்பது உண்மைதான். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழின் ஞாயிறு மலரில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் போட்டதுதான் முதல் கட்டம் என்பார்கள். ஆனால் கட்டத்துக்குள் நடக்கிற விளையாட்டு நம் வீட்டுத் திண்ணையில் வெகுகாலமாக நடக்கிறது. பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணிப் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து வேறு வேறு சொல் காண்பது அக்கரச் சுதகம். நெடிலைக் குறுக்குவது மாத்திரைச் சுருக்கம். குறிலை நீட்டுவது மாத்திரை வருத்தனம்; கையை நீட்டி நாக்கை எரித்தாரே அத்தான், அதேதான். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைப்பது கரந்துறை பாட்டு.

வினாவுத்தரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாக வருகிற வெண்பா வரிசையாகக் கேள்வி கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகுக்கு? அம். கடைசியாக, பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? திருவேகம்பம், அதாவது காஞ்சிபுரத்துச் சிவன் கோயில். துண்டு துண்டாக விடை சொல்லிவந்து, கடைசிக் கேள்வியில் அத்தனையும் ஒட்டிக்கொள்கின்றன. ஏகு என்பதன் உகரம் கெட்டு, திருவுக்குப் பின் வகர உடம்படுமெய் வந்து, இலக்கணச் சுத்தமாக ஒட்டுகின்றன. துண்டுகளைச் சேர்க்கும்போது புணர்ச்சி விதி நுழையலாமா என்று குறுக்கெழுத்து ஆர்வலர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். நுழையலாம் என்பது என் கட்சி. காஞ்சிபுரமே எனக்குச் சாட்சி.

திருஞானசம்பந்தரின் மாலைமாற்று 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கி, கடைசியிலிருந்து படித்தாலும் அப்படியே வருகிறது. 'யா' அங்கேயும் ஒரே சதுரம்தான். யகரத்தையும் ஆகாரத்தையும் அவர் பிரிக்கவில்லை.

கருப்பொருள் புதிருக்கும் முன்னோடி உண்டு. காளமேகத்தின் பெயரில் வழங்கும் ஒரு வெண்பா முழுக்க மளிகைக் கடை: வெங்காயம், சுக்கு, வெந்தயம், சீரகம், பெருங்காயம், கல்லாவில் ஒரு செட்டியார். 'சீரகத்தைத் தந்தீரேல் வேண்டேன் பெருங்காயம்' என்கிறார் புலவர். காயம் என்பது உடல், சீரகம் என்பது சீரிய அகம், அதாவது வீடுபேறு. அதைத் தந்துவிட்டால் இந்தப் பெரிய உடம்பு வேண்டாம். ஏரகத்துச் செட்டியார் யார் என்றால் சுவாமிமலை முருகன். அத்தை வீட்டு மாடியிலிருந்து சுவாமிமலை கூப்பிடு தூரம் என்றே சொல்வேன். அத்தான் தன் தாளில் 'ஆழமான வெட்டு. ரசம் கொதிக்கையில் துளி போதும் (6)' என்று அந்தப் பெருங்காயத்தையும் விடாமல் சேர்த்திருந்தார்.

இவ்வளவும் கையில் இருக்க, நம் இதழ்களில் குறுக்கெழுத்துக்கு ஏன் இந்த நிலை? எனக்குத் தெரிந்த ஒரு காரணம் பணம். 1930-களில் ஆனந்த விகடன் முதலிய இதழ்கள் பரிசுத் தொகையோடு குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. மக்கள் மூளையை ஓட்டியதைவிட அதிர்ஷ்டத்தை ஓட்டியது அதிகம். ஒரே குறிப்புக்கு இரண்டு மூன்று சொல் பொருந்தினால்தானே பரிசு எல்லாருக்கும் போகாமல் இருக்கும்? 1955-இல் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்த மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தபோது, குறுக்கெழுத்தின் பெயரைச் சட்டத்திலேயே எழுதி, மாதத்துக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. திறமையால் வெல்லும் போட்டிகளை அந்தச் சட்டம் தொடாது, சூதாட்டத் தன்மை உள்ளவற்றுக்கே பொருந்தும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பரிசு போய்விட்டது, இரண்டு சொல் பொருந்துகிற குறிப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் கட்டம் அமைத்த ஆங்கிலேயர் 1949-இல் ஒரு நேர்மை விதி சொன்னார்: நான் சொல்வதையே உணர்த்த வேண்டியதில்லை, ஆனால் உணர்த்துவதைச் சொல்லியே ஆக வேண்டும். நம்மை ஓட்டுநர் தேர்வுக்கு அனுப்பலாம், ஆனால் 'அ', 'ரிசி', 'உலை' மூன்றும் குறிப்பிலேயே இருந்தாக வேண்டும். அப்படி இருந்தால் விடை ஒன்றுதான். கிடைத்தவுடன் சரிதானா என்று அடுத்த வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆகவே ஆசிரியர்களே, என் விண்ணப்பம் பெரியதல்ல. மாதம் ஒரு முறையாவது, முடியாவிட்டால் பொங்கல், தீபாவளி மலர்களிலாவது, ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு ஒழுங்காக அமைத்த ஒரு கட்டம் போடுங்கள். அமைத்தவர் பெயரையோ புனைபெயரையோ மேலே அச்சிடுங்கள். சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ் தி இந்து அப்படித்தான் செய்கிறது. பெயர் போட்டால் பொறுப்பு வரும், வாசகரும் ஆளின் குணத்தைப் பழகிக்கொள்வார். சன்மானமும் கொடுங்கள், ஒரு சிறுகதைக்கு ஆகிற நேரம் ஆகிறது, சில சமயம் அதற்கு மேலும். விடையை வெறும் பட்டியலாகப் போடாமல், எப்படி வந்தது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். தமிழில் இது நடக்காது என்று சொல்லாதீர்கள். அமெரிக்காவில் வெளிவரும் தென்றல் மாத இதழ் இத்தகைய புதிர்களைப் பல ஆண்டுகள் வெளியிட்டிருக்கிறது. கலிபோர்னியாவில் முடிந்தது அண்ணா சாலையில் முடியாதா?

அத்தானின் தாளில் கடைசியாக மிஞ்சியது இரண்டே சதுரம், மேலிருந்து கீழ். அரிசியின் 'சி'யில் வந்து முடிகிறது. குறிப்பு: 'இது இல்லாவிட்டால் இந்தக் கட்டம் முழுவதும் வீண் (2).' காசி, ஊசி, ருசி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். ருசி என்பதற்கே ஆதரவு அதிகம். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அத்தை, தூங்குகிறார் என்று நினைத்தோம், "பசிடி" என்றார். அத்தான் சிரித்துக்கொண்டே பென்சிலை அவர் கையில் கொடுத்தார். அந்த ஒரு 'ப' மட்டும் தாளில் கோணலாக, பெரிதாக இருக்கிறது.

தாளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் ஒன்றே ஒன்றுக்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மடலைப் பிரிக்கும் உதவி ஆசிரியர் முயன்று பார்க்கட்டும்: 'கல்லில் அடித்து அழுக்கை எடு, இருட்டியதும் சோற்றில் பிசையலாம் (4).' மூன்றாவது எழுத்தை எந்தத் துண்டிலும் தேட வேண்டாம். அது உடம்படுமெய் உபயம். விடை அடுத்த இதழில் என்று போட என்னிடம் பத்திரிகை இல்லை.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் ஒரு வாசகி