சில்லறை வணிக ஆய்வேடுகளில் விலை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நுகர்வோர் பொருளியல், மனையியல், சில்லறை வணிக மேலாண்மை ஆகிய முதுகலைப் படிப்புகளில் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளில் பல, ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. ஏதோ ஒரு நகரத்து சூப்பர் மார்க்கெட் வாடிக்கையாளர்களின் ‘மனநிறைவு’ என்று தலைப்பு, ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து படிகள் கொண்ட லிக்கர்ட் அளவுகோலில் 30 கேள்விகள், கூகுள் படிவம், 384 பேர், கை வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனை, கடைசியில் ‘ஊழியர்களுக்குப் பயிற்சி தேவை’ என்ற பரிந்துரை. நுகர்வோரைப் பற்றிய அந்த நூறு பக்கங்களில் ஒரு பொருளின் விலைகூட இருக்காது. பாடத்திட்டக் குழுக்களும் வழிகாட்டி ஆசிரியர்களும் இதை மாற்ற வேண்டும்.

அந்த 384 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை, 95 சதவீத நம்பகத்துடன், 5 சதவீதப் பிழை எல்லைக்குள் மதிப்பிடத் தேவையான மாதிரியின் அளவு அது. எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். விடுதி வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்ட படிவத்துக்கு 3,840 பேர் பதில் அனுப்பினாலும், அதற்குப் பிழை எல்லை என்று ஒன்றைச் சொல்ல முடியாது.

இந்த உழைப்பை விலை எடுப்பதில் செலவிடலாம். 25 மளிகைப் பொருள்கள். தெருமுனை மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட், கூட்டுறவு அங்காடி, டெலிவரி செயலி என நான்கு இடங்கள். வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமையில், எட்டு வாரம். 800 விலைகள் கிடைக்கும். பிராண்டு, ரகம், நிகர எடை, எம்.ஆர்.பி., விற்ற விலை, சலுகை ஆகிய ஆறும் தனித்தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். தவறுகள் நுழைவதும் இங்கேதான். ‘பொன்னி அரிசி’ என்று மட்டும் குறித்தால் போதாது. பழையதா புதியதா, புழுங்கலா பச்சரிசியா என்பதில் விலை மாறிவிடும்; இந்த வாரம் ஒன்றையும் அடுத்த வாரம் மற்றொன்றையும் எழுதிவிட்டு ‘விலை ஏறியது’ என்று முடிவுசெய்வார்கள். கூறு கட்டிய தக்காளியையும் கட்டுக் கீரையையும் கையில் ஒரு சிறு தராசு இல்லாமல் ஒப்பிட முடியாது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். அதே தோற்றத்தில் 800, 850 கிராம் பாக்கெட்டுகளும் அலமாரியில் இருப்பதால், எண்ணெயை எப்போதும் கிராமில் எழுதுவதே நல்லது. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது மூன்று வாங்குபவருக்கு மட்டுமான விலை. ஒன்று வாங்குபவர் கொடுக்கும் விலையையும் பக்கத்தில் எழுத வேண்டும். இருப்பில் இல்லாத பொருளுக்குப் பூஜ்யம் போட்டால் சராசரியே சரிந்துவிடும். ‘இல்லை’ என்று எழுதினால் போதும். செயலியின் டெலிவரிக் கட்டணத்தை மொத்தக் கூடையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பொட்டலப் பொருள் விதிகளில் 2021இல் கொண்டுவந்த திருத்தம் அலகு விலையை, அதாவது ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவின் விலையை, அச்சிடச் சொல்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கிலும், அதற்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் அது இருக்கும். 400 கிராம் பாக்கெட்டில் ‘கிராமுக்கு 0.22 ரூபாய்’, ஒன்றரைக் கிலோ பாக்கெட்டில் ‘கிலோவுக்கு 210 ரூபாய்’ என்று இருந்தால், முதலாவது கிலோ 220 ரூபாய் என்று பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். அலமாரி முன் நிற்பவர்களில் எத்தனை பேர் அப்படிப் பெருக்குகிறார்கள்? இதைப் பற்றியே தாராளமாக ஒரு ஆய்வேடு எழுதலாம்.

சராசரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு பொருளின் விலை இரு மடங்காகி, மற்றொன்றின் விலை பாதியானால், விகிதங்கள் 2, 0.5. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும் கூட்டுச் சராசரி 1.25, அதாவது விலைவாசி 25 சதவீதம் உயர்ந்ததாகக் காட்டும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி 1. மாற்றமில்லை என்று காட்டும். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நமது நுகர்வோர் விலைக் குறியீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்த விலைகளை முதலில் ஒன்றுசேர்க்கும் அடிநிலைக் கணக்குக்குப் பெருக்குச் சராசரியையே பயன்படுத்தினார்கள்.

களத்துக்குப் போக இயலாத மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2022-23 சுற்றில் 2,61,746 குடும்பங்கள். குடும்ப வாரியான தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அந்தச் சுற்றில் தமிழகத்தில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். காய்கறி, எண்ணெய், முட்டைக்கு 7 நாள், அரிசிக்கு 30 நாள், துணிமணிக்கு 365 நாள் என்று கேட்கும் காலம் வேறுபடும். எல்லாவற்றையும் 30 நாளுக்கு மாற்றாமல் கூட்டுவதும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தரப்பட்ட எடைப் பெருக்கியை (அந்தக் குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று காட்டும் எண்ணை) மறப்பதும் வழக்கமான பிழைகள். இலவச அரிசியின் மதிப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்குகள் உண்டு. ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைக்கும் நம் மாநிலத்தில் எதைப் பயன்படுத்தினோம் என்று சொல்லியே ஆக வேண்டும். 2011-12 சுற்றோடு நேரடியாக ஒப்பிடவும் கூடாது. அப்போது ஒரே முறை வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். இப்போது மூன்று முறை போகிறார்கள்.

கடைக்காரர் பக்கத்துக் கணக்கும் தடுமாறுகிறது. 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் மார்ஜின், அதாவது விற்ற விலையில் லாபத்தின் பங்கு, 20 சதவீதம். அடக்க விலை மீது ஏற்றியது 25 சதவீதம். இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். எம்.ஆர்.பி.க்குள் ஜிஎஸ்டி அடங்கியிருப்பதையும் மறந்துவிடுகிறார்கள். 18 சதவீத வரியுள்ள பொருளை 118 ரூபாய்க்கு விற்றால் கடைக்கு வருவது 100 ரூபாய்தான். வரி நீங்கலாக 80 ரூபாய்க்கு வாங்கியதை 118இலிருந்து கழித்து ‘32 சதவீத மார்ஜின்’ என்று எழுதினால், அந்தத் தொழிலில் இருக்கும் எவரும் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டார்.

எனவே முதல் பருவத்திலேயே விலை எடுக்கும் செய்முறைத் தாள் ஒன்று வேண்டும். ஆய்வேட்டோடு மூலத் தரவுக் கோப்பையும் கட்டாயம் வாங்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அந்தக் கோப்பிலிருந்து ஏதேனும் பத்து வரிகளைக் காட்டி, இந்த விலை எந்தக் கடையில், எந்த நாளில், எத்தனை கிராமுக்கு என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நுகர்வோர் பொருளியல் ஆசிரியர், கோவை