எங்கள் பட்டியல் ஏன் சுருங்கியது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பசியாறிவிட்டீர்களா? மலேசியத் தமிழர் வீடுகளில் காலையில் எதிர்ப்படுகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்போம். இந்த மடலையும் அப்படியே தொடங்குகிறோம்.

இந்த மாதம் முதல் எங்கள் மலேசியச் சாப்பாட்டுக் கடையில் சிக்கன் 65, கோபி மஞ்சூரியன், பிரியாணி மூன்றும் கிடையாது. ஏன் நிறுத்தினீர்கள் என்று பலர் கேட்டீர்கள். சிலருக்கு வருத்தம் என்பதும் தெரியும். விளக்கம் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

சமையலறையில் நாங்கள் இருவர்தான், அடுப்பு நான்கு. பிரியாணியை எங்களைவிட நன்றாகச் செய்யும் கடைகள் லண்டன் ஈஸ்ட்ஹாமில் எத்தனையோ உண்டு. ஆனால் மலேசியச் சாப்பாடு தேடி ரயிலேறி வரும் மாணவர் ஒருவர் எங்கள் நாசி லெமாக்கை (தேங்காய்ப் பால் சோறும் சம்பால் என்கிற மிளகாய் விழுதும்) ஒரு வாய் வைத்துவிட்டு, "சம்பால் இன்னும் வதங்கணும், அக்கா" என்றார். அவர் சொன்னது சரி. வெள்ளிக்கிழமை பிரியாணி ஆர்டர் குவிந்ததால் சம்பாலை அவசரமாக இறக்கியிருந்தேன். அன்று இரவே இந்த முடிவை எடுத்தோம்.

சம்பாலுக்கு அவசரம் ஆகாது. காய்ந்த மிளகாயை விதை நீக்கி ஊறவைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, சுட்ட பெலாச்சானோடு அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டுச் சிறு தீயில் வதக்க வேண்டும். பச்சை வாடை போய், விழுது கருஞ்சிவப்பாகி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மலாயில் 'பெச்சா மின்யாக்' என்பார்கள். அதற்கு அப்புறம்தான் புளியும் சர்க்கரையும் சேரும். சம்பால் ஏன் இனிக்கிறது என்று கேட்ட தமிழ்நாட்டு அன்பர்களே, அந்த இனிப்பு இருக்கத்தான் வேண்டும். தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் இஞ்சியும் போட்டு வேகவைத்த சோறு, பொரித்த நெத்திலி, தோலோடு வறுத்த நிலக்கடலை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை எல்லாவற்றையும் அந்தக் காரமும் இனிப்பும் சேர்ந்துதான் பிடித்துவைக்கின்றன.

பெலாச்சான் என்பது பொடி இறால்களை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி. அதைச் சுடும்போது வாசம் தெருவரை வரும். பக்கத்துக் கடைக்காரர்கள் பொறுத்துக்கொள்வதற்கு இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: சம்பாலில் இறால் உண்டு. பெலாச்சான் இல்லாத சம்பாலைத் தனிச் சட்டியில் செய்து வைக்கிறோம், கேட்டு வாங்குங்கள். கடலையோ இறாலோ ஒவ்வாதவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ரொட்டி சானாய் பற்றியும் அடிக்கடி கேட்கிறீர்கள். அது நம் பரோட்டாவுக்கு உடன்பிறப்பு. தமிழ்நாட்டிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' கடைகளில் மலேசியா முழுவதும் பரவியது. பரோட்டாவைச் சுருட்டி வட்டமாக்குவோம். இதைக் கல்மேல் வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கி மடிப்போம். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு. சால்னா கேட்பவர்களுக்குக் கோழிக் குழம்பு ஒரு கரண்டி ஊற்றித் தருகிறோம், அதிலே எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. மாவு எண்ணெயில் ஊறி இரவு முழுக்கக் கிடக்க வேண்டும். லண்டன் குளிரில் அது விறைத்துவிடுவதால் காலையில் அடுப்புக்கு அருகில் வைத்து இளக்குகிறோம். அதனால் குளிர்காலத்தில் முதல் ரொட்டி வரச் சற்றுத் தாமதமாகும்.

கோழி ரெண்டாங்கின் தோல் மொறுமொறுவென்று இருக்காது. 2018-இல் இந்த நாட்டுத் தொலைக்காட்சிச் சமையல் போட்டி ஒன்றில் நடுவர்கள் அதைக் குறையாகச் சொல்லப்போய், மலேசியாவே கொதித்தெழுந்தது. ரெண்டாங் பொரிக்கிற பதார்த்தமல்ல. தேங்காய்ப் பால் வற்றி, வறுத்து இடித்த தேங்காயான 'கெரிசிக்' கறியோடு ஒட்டிக்கொள்ளும்வரை மெதுவாக வேக வேண்டும்.

லக்சா என்கிற நூடுல்ஸ் சூப்பில் கறி லக்சா உண்டு. புளிப்பான பினாங்கு அசாம் லக்சா இப்போதைக்கு இல்லை. எனக்கு உயிரான சாப்பாடு அதுதான். அதற்கு மணம் தரும் கேசும் இலை வியட்நாமியக் கடைகளில் கிடைக்கிறது, புளிப்புக்கும் வழி உண்டு. ஆனால் 'புங்கா கந்தான்' என்கிற இஞ்சிப் பூ மொட்டு புதிதாகக் கிடைப்பதில்லை. அந்த மணம் இல்லாமல் அசாம் லக்சா என்று பெயர் வைத்து விற்க மனம் வரவில்லை.

இன்னொரு மாற்றம்: சனி, ஞாயிறுகளில் காலை எட்டரைக்கே கடை திறக்கிறோம். நாசி லெமாக் இனி அந்த இரண்டு நாட்களில் மட்டும். எங்கள் ஊரில் அது முதலில் காலைச் சாப்பாடு. வேலைக்குப் போகும் வழியில் ஒட்டுக்கடையில் வாழையிலைப் பொட்டலமாக வாங்கிப் போவார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறுவதுதான் எங்கள் நாட்டுக் காலை. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்த செய்தியைப் படித்தபோது, அம்மா தோட்டத்து வீட்டில் விடியுமுன் தேங்காய் துருவிய சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

விலை ஏறவில்லை. சோறு தீர்ந்துவிட்டால் மறுபடி வடிப்பதில்லை, ஆகவே ஐந்து பொட்டலத்துக்கு மேல் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தே தாரிக்கில், அதாவது ஆற்றிய பால் தேநீரில், இனிப்புக் குறைவாக வேண்டுமா? 'குராங் மானிஸ்' என்று சொன்னால் போதும், கெட்டிப் பாலைக் குறைத்து ஆற்றித் தருவோம்.

சனிக்கிழமை காலை பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்