நின்ற லாரிகளைத் தொலைவிலேயே தெரியவைத்தவர்களுக்கு நன்றி

நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருக்கும் லாரிகள்மீதும் பிற கனரக வாகனங்கள்மீதும் பின்னால் வருபவர்கள் மோதுவதைத் தடுக்க நாங்கள் மேற்கொண்ட பணியில் தோள்கொடுத்த அனைவருக்கும் இம்மடல் வழியே நன்றி தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி லாரி ஓட்டுநர்களுக்கே உரியது. வண்டி பழுதாகி நின்றதும் அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, ஒளிரும் மேலங்கியை அணிந்துகொண்டு, எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு சாலையோரமாகப் பின்னோக்கி நடப்பது, அதுவும் நள்ளிரவில், எளிதான வேலை அன்று. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடந்துவிடும். ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்கவே ஒன்றரை நொடியோ இரண்டு நொடியோ ஆகிவிடுவதால், உலர்ந்த சாலையில்கூட அது முழுமையாக நிற்பதற்குச் சுமார் 100 மீட்டர் வேண்டும்; மழை பெய்திருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். தாழ்நிலையில் எரியும் முகப்பு விளக்கு ஒளியிலோ, அதில் பாதித் தொலைவில் இருக்கும் இருண்ட பொருளே தெளிவாகத் தெரிவது கடினம். இக்கணக்கை விளக்கியபோது பொறுமையாகக் கேட்டு, முக்கோணத்தை வண்டிக்கு அருகிலேயே வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, 100 மீட்டருக்கும் அப்பால் கொண்டுசென்று வைக்கத் தொடங்கிய ஒவ்வொரு ஓட்டுநருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

வண்டிகளின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ஒளி எதிரொளிக்கும் பட்டைகளை ஒட்ட முன்வந்த உரிமையாளர்களுக்கும் நன்றி. அமெரிக்காவில் 1993 டிசம்பர் முதல் புதிய கனரக டிரெய்லர்களுக்கு இப்பட்டை கட்டாயமானது. இருட்டில் டிரெய்லர்களின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வாகனங்கள் மோதுவதை இது 29 சதவீதம் குறைத்தது என்று அந்நாட்டின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2001-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆனால் சேறு படிந்த பட்டையால் என்ன பயன் என்று எங்களிடமே கேள்வி எழுப்பி, வண்டி பட்டறைக்கு வரும்போதெல்லாம் அதைத் துடைத்துவிட்ட தொழிலாளர்கள்தாம் (நாங்கள் அதுவரை இதைப் பற்றி யோசிக்கவே இல்லை) இப்பணியை உண்மையில் நிலைக்கச் செய்தார்கள். மோதும் கார் லாரியின் அடியில் புகுந்துவிடாதபடி பின்புறத் தடுப்புக் கம்பிகளைச் சரியான உயரத்தில் உறுதியாகப் பொருத்தித் தந்தவர்களும் அவர்களே.

தானாக வேகத்தைச் சீராக்கும் வசதி உள்ள கார்கள்கூட, அதிவேகத்தில் செல்லும்போது அசையாமல் நிற்கும் வாகனத்தைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதைத் தங்கள் மாணவர்களுக்குத் தவறாமல் எடுத்துச்சொல்லிவரும் ஓட்டுநர் பயிற்றுநர்களையும், தகவல் கிடைத்தவுடன் வந்து பின்னால் நின்று விளக்கைச் சுழலவிட்ட ரோந்துப் பணியாளர்களையும், மீட்பு வண்டிக்காரர்களையும் நன்றியுடன் நினைக்கிறோம்.

சாலையோரம் நிற்பவை அனைத்தும் பழுதான வண்டிகள் அல்ல. தூக்கம் கண்ணைச் செருகும்போது ஒதுங்க வேறு இடம் இல்லாமல் நிறுத்தப்பட்டவையும் அவற்றில் உண்டு. அத்தகைய ஓட்டுநர்களுக்காகத் தங்கள் வளாகங்களை இரவில் திறந்துவைத்த எரிபொருள் நிலையத்தாருக்கும் கிடங்கு உரிமையாளர்களுக்கும் எங்கள் தனிப்பட்ட நன்றி.

இப்படிக்கு,
சாலைப் பாதுகாப்புத் தன்னார்வலர்கள்