அமெரிக்க வானத்துக்குச் சொன்ன யோசனை நம் கேம்பர்வேனுக்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் வாடகைக் கேம்பர்வேன் எடுத்துக் குடும்பத்தோடு கிளம்பும் வழக்கம் மலேசியாவில் நம் தோட்டப்புற ஊர்களுக்கும் வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். தொலைக்காட்சி மட்டும் மக்கர் செய்யும். வாங்கிய பொருளைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பொருளில் கோளாறு இருப்பதில்லை. யூடியூபில் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் செய்து காட்டுவதை அப்படியே இங்கே செய்து பார்ப்பதால் வரும் வினை இது. டிஷ்ஷும் ஏரியலும் பொருத்தும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், நம் நாட்டில் எது செல்லும், எது செல்லாது என்பதை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவும், மாதக் கட்டணம் இல்லாத என்ஜாயும் மீசாட் துணைக்கோள்களிலிருந்து வருகின்றன. அவை நிற்கும் இடம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரி. எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் சுமார் 243 டிகிரி, அதாவது மேற்கும் தென்மேற்கும் கலந்த பக்கம். உயரமோ அடிவானத்திலிருந்து 77 டிகிரி. நட்ட உச்சிக்கு இன்னும் 13 டிகிரிதான் பாக்கி. ஐரோப்பாவில் டிஷ் பெரும்பாலும் முப்பது, நாற்பது டிகிரியில் சாய்ந்து பார்க்கும். எல்லா வித்தியாசமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அவர்கள் சொல்வது: திசையைத் துல்லியமாகப் பிடியுங்கள், ஓர் இம்மி தவறினாலும் படம் போய்விடும். நமக்கு அப்படி இல்லை. இவ்வளவு உயரத்தில் திசையில் 10 டிகிரி பிசகினாலும் வானத்தில் விலகுவது இரண்டு டிகிரியைச் சற்றே தாண்டும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 டிகிரி. ஆகவே கைப்பேசித் திசைகாட்டி கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் சிக்னலின் ஓரமாவது தட்டுப்படும். மெல்லத் திருப்பி நடுவுக்கு வந்துவிடலாம். நம் நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் கணக்குப் போட்டுத் திருத்தவும் வேண்டாம். வண்டியின் இரும்பிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நின்று பார்த்தால் சரி.

நம்மைக் கவிழ்ப்பது சாய்வு. டிஷ் நிற்கும் முக்காலி ஒரு பக்கம் 3 டிகிரி சரிந்து நின்றால், டிஷ்ஷின் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணை எவ்வளவு கவனமாக வைத்தாலும் பயன் இல்லை. செம்பனைத் தோட்ட மண் மழைக்குப் பிறகு இளகும்; காலையில் நேராக நின்ற முக்காலி மாலையில் ஒரு காலில் இறங்கியிருக்கும். மூன்று காலுக்கும் அடியில் பலகைத் துண்டு போடுங்கள். கம்பத்தின் மேல் ரசமட்டம் வைத்து, முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பாருங்கள். நடுவில் 10 லிட்டர் தண்ணீர்க் கலனைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கும் அசையாது. இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் செலவிட்டால் மற்றது எல்லாம் எளிது.

பிறகு ஏற்றக்கோணத்தை, அதாவது டிஷ் மேல்நோக்கிப் பார்க்கும் கோணத்தை, 77இல் வையுங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 77 டிகிரி என்றதும் டிஷ்ஷைச் சாதத் தட்டு மாதிரி மல்லாத்திவிடுகிறார்கள். நாம் பயன்படுத்துவது ஆஃப்செட் டிஷ். அதன் முகம் பார்க்கும் திசைக்கும் சிக்னல் வரும் திசைக்கும் இருபது டிகிரிக்கு மேல் வேறுபாடு உண்டு. முகம் ஐம்பது சொச்சம் டிகிரியில் சாய்ந்திருப்பதாகத் தெரிந்தால்தான் உண்மையில் 77ஐப் பார்க்கிறது. பின்பக்கத் தகட்டில் உள்ள எண் அந்தக் கழிவைச் சேர்த்தே பொறித்தது, அதை நம்பலாம். மல்லாத்தினால் சிக்னலும் வராது, மழைநீரும் தேங்கும்.

டிகோடர் பெட்டியின் சிக்னல் பக்கத்தைத் தொலைக்காட்சித் திரையில் திறந்து வைத்துக்கொண்டு, டிஷ்ஷை 243க்கு இரண்டு பக்கமும் இருபது இருபது டிகிரி, அங்குலம் அங்குலமாகத் திருப்புங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் மூன்று விநாடி பொறுக்க வேண்டும். டிகோடர் பூட்டிப் பிடிக்க நேரம் எடுக்கும். வேகமாகச் சுழற்றினால் சிக்னலைத் தாண்டிப் போனதே தெரியாது. கிடைக்கவில்லையா, ஏற்றக்கோணத்தை ஒரு டிகிரி கூட்டி மறுபடியும் முதலிலிருந்து. கடையில் விற்கும் மலிவான ‘சேட்டலைட் ஃபைண்டர்’ எந்தத் துணைக்கோளைக் கண்டாலும் கத்தும். அதன் கீச்சொலியை நம்பித் திருகாணியை முடுக்காதீர்கள். டிகோடரில் ‘குவாலிட்டி’ ஏறினால்தான் சரியான இடம்.

கடைசியாக, டிஷ்ஷின் முன்னால் கையில் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யின் திருப்பம். ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் இதை அடியோடு மறக்கிறார்கள். அலைகள் ஒரு தளத்தில் அதிர்ந்து வருகின்றன. அந்தத் தளம் இடத்துக்கு இடம் சாய்ந்து தெரியும். வடக்கே கெடாவின் அலோர் ஸ்டாருக்கும் தெற்கே ஜொகூர் பாருவுக்கும் இடையே துணைக்கோளின் உயரம் இரண்டு டிகிரிதான் மாறுகிறது, திசை 236இலிருந்து 263க்குப் போகிறது, எல்.என்.பி. திருப்பமும் ஏறத்தாழ 28 டிகிரி மாறுகிறது. கெடாவில் வைத்த திருப்பத்தோடு ஜொகூருக்குப் போய் நிறுத்தினால், வெயில் நேரத்தில் படம் வரும், தூறல் விழுந்ததும் போய்விடும். பிடிமானத்தைத் தளர்த்தி எல்.என்.பி.யை இரு பக்கமும் மெல்லத் திருகி, குவாலிட்டி உச்சத்தில் நிற்கும்போது இறுக்குங்கள்.

சில அலைவரிசைகள் தெளிவாக வந்து சில அடியோடு வராவிட்டால், அதே திருப்பத்தையும் கேபிளையும் சந்தேகிக்க வேண்டும். டிகோடர் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. ஒரு தளத்தையும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றதையும் பிடிக்கும். மெல்லிய, நீளமான கேபிளில் வோல்ட் இறங்கிவிட்டால் பாதி அலைவரிசைகள் காணாமல் போகும். ஆர்.ஜி.6 கேபிள், பத்துப் பதினைந்து மீட்டருக்குள், இடையில் ஒட்டு இல்லாமல் போதும். முனை இணைப்பியில் நடுக்கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டியிருக்க வேண்டும். வலைக்கம்பியின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். டிகோடரை அணைக்காமல் கேபிளைக் கழற்றி மாட்டவே கூடாது.

இனி வண்டியை எங்கே நிறுத்துவது. இதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது, யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. துணைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால் மலையும் கட்டடமும் மறைப்பதில்லை. மேற்கே 10 மீட்டர் உயரச் சுவர் இருந்தால் இரண்டேகால் மீட்டர் தள்ளினால் தீர்ந்தது. ஈப்போ பக்கம் 100 மீட்டர் சுண்ணாம்புப் பாறை நெட்டுக்குத்தாக நின்றாலும், அடியிலிருந்து 25 மீட்டர் விலகினால் டிஷ்ஷுக்கு வழி கிடைக்கும். பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், அதுவே குறுக்கே நின்றாலும் பத்து மீட்டர் போதும். ஆனால் தலைக்கு மேல் கிளை இருந்தால் ஒன்றும் நடக்காது. செம்பனை மட்டை பல மீட்டர் நீளும், ஆகவே முதிர்ந்த மரத்திலிருந்து எட்டு மீட்டராவது கிழக்கே தள்ளி டிஷ்ஷை வையுங்கள். பால்மர (ரப்பர்) நிழலில் வண்டி இருக்கலாம், டிஷ் வெளியே வெட்டவெளியில் இருக்க வேண்டும். இதனால்தான் கூரையோடு பொருத்திய டிஷ்ஷைவிடத் தரையில் நிற்கும் முக்காலியே இங்கு மேல்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் தானியங்கிக் குமிழ் டிஷ்களுக்குப் பணம் கொடுக்குமுன் இரண்டைப் பாருங்கள்: 91.5 கிழக்கு அதன் பட்டியலில் உண்டா, அதன் ஏற்றக்கோணம் 77 வரை எட்டுமா. அமெரிக்கச் சந்தைக்கு என்று செய்தவை அங்குள்ள துணைக்கோள்களைத்தான் தேடும். இங்கே இரவு முழுக்க மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டு முகவரிக்குப் பதிவான ஆஸ்ட்ரோ டிகோடரை வண்டிக்கு எடுத்துச் செல்வதானால் நிறுவனத்திடம் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் அலைவரிசைகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குத்தான் டிஷ் தேவை. இரண்டு நாள் பயணத்தில் செய்தியும் ஒரு படமும் போதும் என்றால் தரைக் கோபுரத்தின் சிக்னலைப் பிடிக்கும் யு.எச்.எஃப். ஏரியலே தாராளம். 2019 அக்டோபர் 31க்குள் நாடு முழுதும் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, மைஃப்ரீவியூ என்ற பெயரில் டி.வி.பி.-டி2 என்ற டிஜிட்டல் முறையில் இலவசமாக வருகிறது. தமிழ்ச் செய்திக்கு டிவி2வும் பெர்னாமா டிவியும் உண்டு. வானொலிப் பட்டியலில் மின்னல் எஃப்.எம். கேட்கலாம். ஜொகூர் பாருவில் ஏரியலைத் தெற்கே திருப்பினால் சிங்கப்பூரின் ‘வசந்தம்’ அலைவரிசையும் கிடைக்கும், அவர்களுடையதும் டி.வி.பி.-டி2 தான்.

ஏரியலில் கணக்கு தலைகீழ். சிக்னல் கிடையாக வருவதால் மலையும் பாறையும் மறைக்கும். டிஷ்ஷுக்கு நல்ல இடமாக இருக்கும் பாறையடி ஏரியலுக்கு ஆகவே ஆகாது. கோபுரம் எங்கே என்று தெரியாவிட்டால் பக்கத்துக் கம்போங் (கிராமம்) வீட்டுக் கூரைகளைப் பாருங்கள், எல்லா ஏரியலும் ஒரே திசையைக் காட்டும். எங்கள் ஊரில் அது தெற்கே கிளேடாங் மலைப்பக்கம். குட்டைக் கம்பிகள் இருக்கும் முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும், கம்பிகள் தரைக்கு இணையாக. மூன்று நான்கு மீட்டர் நீள் கம்பம் இருந்தால் வண்டிக் கூரையையும் புதரையும் தாண்டிவிடும். இரும்பு வண்டிக்குள் மேசைமேல் வைக்கும் ஏரியல், எத்தனை விளம்பரம் செய்தாலும், உள்ளே இருக்கும் வரை பிடிக்காது.

திருப்பி முடித்த பிறகே ஸ்கேன் செய்யுங்கள். வேறு கோபுரத்தின் வட்டாரத்துக்குப் போனால் அலைவரிசை எண்கள் அதேதான் இருக்கும், அடியில் உள்ள அதிர்வெண் மாறியிருக்கலாம்; மறுபடியும் முழு ஸ்கேன் வேண்டும். ‘நேற்று வந்தது, இன்று வரவில்லை’ என்ற புலம்பலில் பெரும்பகுதிக்கு மருந்து இதுதான். டிகோடரில் ஏரியலுக்கு 5 வோல்ட் அனுப்பும் தேர்வு ஒன்று உண்டு. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் உள்ள ஏரியலுக்கு அதைத் திறக்க வேண்டும். பூஸ்டர் இல்லாததற்கு மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட் எச்சரிக்கை வரும். கோபுரத்துக்கு அருகே பூஸ்டர் போட்டால் ‘ஸ்ட்ரெங்த்’ நூறு காட்டி ‘குவாலிட்டி’ பூஜ்யத்தில் கிடக்கும். கைப்பேசிக் கோபுரம் பக்கத்தில் இருந்தாலும் அப்படியே. 5ஜி 700 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, தொலைக்காட்சி 694இல் முடிகிறது. 694க்கு மேல் வெட்டும் வடிகட்டியைப் பூஸ்டருக்கு முன்னால் போடுங்கள்.

ஜப்பானிலிருந்து ரீகான் (புதுப்பித்த பழைய) வண்டியாக வந்த வேன்களில் இருக்கும் தொலைக்காட்சியோடு போராட வேண்டாம். அது ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி ஒளிபரப்பு முறைக்குச் செய்தது, நம் ஒளிபரப்பை ஒருநாளும் பிடிக்காது. இணைப்புத் துளை இருந்தால் திரையை மட்டும் வைத்துக்கொண்டு வெளி டிகோடரைச் செருகலாம்.

மின்சாரம்: 24 அங்குல 12 வோல்ட் தொலைக்காட்சி சுமார் 30 வாட், டிகோடர் பத்துப் பன்னிரண்டு. சேர்ந்து மூன்றரை ஆம்பியர், நான்கு மணி நேரத்துக்கு 14 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும் தாராளம். இதை எஞ்சின் பேட்டரியிலிருந்து எடுக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல் ஏறும், ஸ்டார்ட் செய்யும்போது பத்துக்கும் கீழே இறங்கும், டிகோடர் தாங்காது; நடுவில் 12 வோல்ட்டைச் சீராக வைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். மலிவான இன்வெர்ட்டரும் யு.எஸ்.பி. சார்ஜரும் யு.எச்.எஃப்.பில் இரைச்சல் கிளப்பும். படம் உடைந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

மாலை மழையில் துணைக்கோள் சிக்னல் போவது இயல்பு. கனத்த மேகம் கடந்ததும் தானாக வரும்; அந்த நேரத்தில் டிஷ்ஷைத் தொட்டால் இருந்த இடமும் போய்விடும். மழை மேகம் கூடும்போதே, இடி கேட்கும் முன்பே, கம்பத்தை இறக்கிக் கேபிளை டிகோடரிலிருந்து கழற்றிவிடுங்கள்; இடி தொடங்கிய பிறகு கம்பத்தைத் தொடாதீர்கள்.

முகாம் இடங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று பலகை வைக்கிறீர்கள். அதன் அடியில் மூன்று வரி சேருங்கள்: மரம் மறைக்காத மனைகளின் எண், அந்த இடத்தில் டிஷ்ஷின் திசையும் ஏற்றக்கோணமும், தொலைக்காட்சிக் கோபுரம் இருக்கும் பக்கம். உங்கள் வட்டாரத்தில் டிஷ் மாட்டும் எவரைக் கேட்டாலும் இந்த எண்களைச் சொல்லிவிடுவார். வண்டி வாடகைக்கு விடுவோர் ஒரு ரசமட்டத்தையும் உதிரியாக இரண்டு முனை இணைப்பிகளையும் டிகோடர் பெட்டிக்குள் போட்டு அனுப்பலாம்.

இப்படிக்கு,
டிஷ், ஏரியல் பொருத்துநர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.